மெல்லச் சொல்ல வேண்டிய பெயர்

மதி என்ற பெயரில் இரண்டே எழுத்து. அந்த இரண்டெழுத்தை ஒழுங்காகச் சொல்ல ஆறாங்கட்டைத் தோட்டத்துக்கு ஓர் ஆயுள் போதவில்லை.

கோல சிலாங்கூரிலிருந்து பத்தாங் பெர்ஜுந்தை போகும் சாலையில், ஆறாவது கட்டையில், அதாவது ஆறாவது மைலில், இருந்தது அந்தத் தோட்டம். மதி அங்கேதான் பிறந்தாள். அங்கேதான் பால் மரம் வெட்டினாள். ரப்பரை அழித்துச் செம்பனை நட்ட பிறகு, அதனடியில் குனிந்து உதிர்ந்த பழம் பொறுக்கினாள். 1987-இல் மாவட்ட ஆஸ்பத்திரியில் இறந்துபோனாள். அவள் மகன் சேதுவுக்கு ரவாங்கில் ஒரு தொழிற்சாலையில் மின்சாரப் பராமரிப்பு வேலை. அவள் இறந்த செய்தி மூன்று நாள் அவனுக்கு வந்து சேரவில்லை. ஏன் வரவில்லை என்று கேட்டதற்குத் தோட்டத்தில் கிடைத்த பதில், "பேரு அப்படி."

அந்தப் பதிலைத்தான் சேதுவால் விழுங்க முடியவில்லை.

பெயர் வந்த வழி இது. மதியின் அப்பா முருகையா மரம் வெட்டியவர். அந்தக் காலத்தில் தோட்டத்தில் பெண் குழந்தைக்குப் பெயர் தேட யாரும் மெனக்கெடவில்லை. குலசாமியின் பெயர் இருந்தது, செத்துப்போன ஆத்தாளின் பெயர் இருந்தது. வேலம்மா, வள்ளியம்மா, லெட்சுமி என்று அதற்குள்ளேயே சுற்றி வந்தார்கள். 1938-இல், மனைவி நிறைமாதமாக இருந்தபோது, முருகையா டவுனில் நடந்த ஒரு கூட்டத்துக்குப் போனார். தமிழ்நாட்டிலிருந்து கப்பலில் வந்த யாரோ ஒருவர் பேசினார். அடுத்த கப்பலில் அவர் போய்விட்டார். அவர் யார் என்பதுகூட முருகையாவுக்குப் பிறகு நினைவில்லை. பேச்சில் ஒன்று மட்டும் மனத்தில் நின்றது. பிள்ளைக்குத் தமிழில் பெயர் வையுங்கள், பொருள் தெரிந்து வையுங்கள். மதி என்றால் நிலா, மதி என்றால் அறிவு என்று எடுத்துக்காட்டும் சொல்லியிருந்தார். முருகையா எடுத்துக்காட்டையே வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்.

மனைவிக்கு வள்ளியம்மா என்று வைக்க ஆசை. மதிக்குப் பின்னால் என்ன வரும் என்று கேட்டாள். அம்மாவா, அழகியா? ஒன்றும் வராது, அவ்வளவுதான் பெயர் என்றார் முருகையா. அரைப் பெயராக இருக்கிறதே என்று அவள் முனகினாள். அந்த வட்டாரத்தில் வேறு யாருக்கும் அந்தப் பெயர் இல்லை.

அந்தக் கூட்டத்தில் பேசியவருக்கு மலாய் தெரியாது. முருகையாவுக்குத் தெரியும். ஆனாலும் அன்றைக்கு உறைக்கவில்லை. மதி வளர்ந்து வேலைக்குப் போன முதல் நாள், விடியற்காலைப் பெரட்டில்தான் உறைத்தது. பெரட்டு என்றால் ஆட்களை வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிடுவது. கூப்பிட்டவர் ரூமியில், அதாவது ஆங்கில எழுத்தில், எழுதியிருந்ததைப் பார்த்து, "மாத்தி" என்று வாசித்தார். மலாயில் மாத்தி என்றால் சாவு. இருக்கிறேன் என்று சொல்ல "அடா" என்பதுதான் வழக்கம். மதியும் "அடா" என்றாள்.

செத்தவள், இருக்கிறேன் என்கிறாள். களம் முழுக்கச் சிரித்தது. புல் வெட்ட வந்திருந்த ஜாவாக்காரர்கள் சிரித்தார்கள். தமிழர்கள் அவர்களைவிட அதிகமாகச் சிரித்தார்கள். முருகையா மட்டும் சிரிக்கவில்லை. இரண்டெழுத்துக்கு இரண்டு பொருள் என்று வாங்கி வந்தால், மூன்றாவதை இந்த ஊர் சும்மா போட்டுக் கொடுத்துவிட்டது என்று சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

அப்போது பெயர் கூப்பிட்டு வேலை வாங்கும் மண்டோராக இருந்தவர் நல்லசாமி. இளம் வயது, குரல் மட்டும் பெரிது. விடியுமுன் சாவு என்று கத்திக்கொண்டு வேலையைத் தொடங்க முடியாது என்று அவர் தீர்ப்புச் சொன்னார். இனிமேல் அவள் லெட்சுமி. தோட்டத்தில் ஏற்கெனவே லெட்சுமிகள் இருந்தார்கள். இன்னொன்று கூடினால் என்ன?

லெட்சுமி என்று கூப்பிட்டால் மதி வாயைத் திறக்கமாட்டாள். வரிசையில் நிமிர்ந்து நிற்பாள். கண்ணுக்கு எதிரே நிற்பவளை வரவில்லை என்று எழுத நல்லசாமிக்கும் கை வராது. கடைசியில் இருவருக்கும் பொதுவாக, "ஏ, முருகையா மக" என்பார். கல்யாணத்துக்குப் பிறகு, சிவானந்தம் பெண்டாட்டி. சேது பிறந்த பிறகு, சேதும்மா. சிவானந்தம் இளவயதிலேயே போய்ச் சேர்ந்தார். அதற்குப் பிறகும் சேதும்மாதான். பக்கத்து வீட்டு வேலம்மாவைத் தவிர அந்த லயத்து வீட்டு வரிசையில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட ஆள் இல்லை.

அதற்கு மதி ஒரு வழி வைத்திருந்தாள். தன் பெயரைத் தானே சொல்லிக்கொள்வாள். மதிக்குப் பசிக்கிறது. மதி இப்போது படுக்கப் போகிறாள். மதியிடம் பொய் சொன்னால் பல்லைப் பேர்த்துவிடுவாள். எல்லா அம்மாக்களும் அப்படித்தான் பேசுவார்கள் என்று சேது பள்ளிக்கூடம் போகும்வரை நினைத்திருந்தான்.

யாராவது தப்பாகச் சொன்னால் விடமாட்டாள். கடைக்காரர், மருந்தக உதவியாளர், பஸ் கண்டக்டர், யாராயிருந்தாலும் நிறுத்திச் சொல்லிக்கொடுப்பாள். "தி-ய அழுத்தாதீங்க. அழுத்திச் சொன்னா சாவு. மெல்லச் சொன்னா நிலா."

அறுபதுகளுக்குப் பிறகு காற்று மாறியது. தோட்டப் பள்ளியில் வளர்மதி வந்தாள், கலைமதி வந்தாள், பூமதி வந்தாள். வாத்தியார்கள் வைத்துக்கொடுத்த பெயர்கள். ஒருத்தியையும் யாரும் கேலி செய்யவில்லை. முன்னால் நிற்கும் சொல் மலாய்க் காதை ஏமாற்றிவிடும். பள்ளி விழாவில் அந்தப் பெயர்களைக் கூப்பிட்டபோது மதி சேதுவின் காதில் சொன்னாள்: "எல்லாம் என் பேருதான். முன்னாடி ஒரு கதவு போட்டுக்கிட்டாளுங்க."

1984-இல் அவள் காலில் செம்பனை முள் ஏறியது. இனிப்புநீர், சர்க்கரை வியாதி உடம்பு. புண் ஆறவில்லை. ஆஸ்பத்திரியில் படுக்கவைத்தார்கள். சேது அப்போதும் ரவாங்கில்தான் இருந்தான். தோட்டத்தில் டெலிபோன் ஆபீஸில் மட்டும்தான் உண்டு. அதை எடுப்பவர் பெரிய கிராணி சின்னையா. ஆபீஸ் கணக்கு, கடிதம், போன் எல்லாம் அவர் கையில். ஆங்கிலமும் மலாயும் நன்றாகத் தெரியும் என்று பெயரெடுத்தவர்.

ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டவர் சொன்னது இவ்வளவுதான்: மதி வீட்டுக்குப் போகலாம், டாத்தாங் ஆம்பில். வந்து அழைத்துப்போங்கள் என்று பொருள். ஆளை அழைத்துப்போகவும் மலாயில் அதுதான் சொல், பிணத்தை எடுத்துப்போகவும் அதுதான். லைன் இரைந்தது. சின்னையாவின் காதில் விழுந்தது மாத்தி, விழுந்தது டாத்தாங் ஆம்பில். திருப்பிக் கேட்கவில்லை. போனை வைத்துவிட்டு அழுதார் என்றும் சொல்கிறார்கள்.

சின்னையா போனில் சொன்னதைக் கேட்டு சேது மோட்டார் சைக்கிளில் வந்து சேர்ந்தபோது லயத்தின் முன்னால் பந்தல் போட்டிருந்தார்கள். மேளம் அடித்துக்கொண்டிருந்தது. தோட்டத்து லோரி, டவுனில் சவப்பெட்டியை வாங்கி ஏற்றிக்கொண்டு, நல்லசாமி தலைமையில் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தது.

ஆஸ்பத்திரி வாசலில் மதி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். மடியில் துணிப்பை. லோரியைப் பார்த்ததும் தனக்காக இத்தனை பேரா என்று சந்தோஷப்பட்டாளாம். பிறகு பெட்டியைப் பார்த்திருக்கிறாள். யாருக்கு என்று கேட்டாள். நல்லசாமியின் முகத்தைப் பார்த்தாள், புரிந்துகொண்டாள். லோரியில் ஏற்றிவிடச் சொன்னாள். ஏறி, அந்தப் பெட்டியின் மூடிமேலேயே உட்கார்ந்துகொண்டாள். வேறு எங்கே உட்கார, இடத்தையெல்லாம் இதுதானே அடைத்துக்கொண்டிருக்கிறது என்றாளாம். கட்டுப்போட்ட காலை நீட்டிக்கொண்டு, தன் சவப்பெட்டியில் தான் உட்கார்ந்து, தன் சாவு வீட்டுக்கு வந்து இறங்கினாள்.

மேளம் நின்றது. சின்னையா பந்தலுக்குள் நின்றுகொண்டிருந்தார். மதி நொண்டிக்கொண்டே நேராக அவரிடம் போனாள்.

"கிராணி, மனுசங்க செத்தா மலாய்க்காரங்க மெனிங்கால்னு சொல்லுவாங்க. ஆடு மாடு செத்தாத்தான் மாத்தி. நான் ஒங்களுக்கு ஆடா, மாடா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். சின்னையாவும் சிரித்தார். சிரிப்பு அடங்கியதும் அவர் கையை விரித்தார். "பேரு அப்படிம்மா. நான் என்ன பண்ண?"

அதைத்தான் தோட்டம் பிடித்துக்கொண்டது. கேட்டவர் காதைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. பேரு அப்படி. கோயிலில் வைத்துத் தண்ணீர் ஊற்றி லெட்சுமி என்று மாற்றிவிடலாம் என்று நல்லசாமி திரும்பவும் கிளம்பினார். காதைக் கழுவ வேண்டியவர்கள் பெயரைக் கழுவ வருகிறார்கள் என்று மதி சொல்லி அனுப்பினாள். அதற்குப் பிறகு சேதும்மா என்ற பெயரும் போயிற்று. முதுகுக்குப் பின்னால், பெட்டிக்காரி.

மூன்று வருடம் கழித்து மறுபடியும் அதே ஆஸ்பத்திரி. இந்தத் தடவை கிட்னி. ஞாயிற்றுக்கிழமை சேது போய்ப் பார்த்தபோது பேசினாள். மதிக்கு ஒன்றுமில்லை, நீ வேலையைப் பார் என்றாள். செருப்பு காலைக் கடிக்கிறது, மெத்தென்று ஒன்று வாங்கி வா என்றாள். சேது வாங்கி வைத்தான். சனிக்கிழமை மதியம் எடுத்துக்கொண்டு போனான்.

கட்டிலில் வேறு ஒரு பெண் படுத்திருந்தாள்.

தாதி சேதுவை ஏற இறங்கப் பார்த்தாள். புதன்கிழமை விடியற்காலையே போய்விட்டார், அன்றைக்கே தோட்டத்துக்குப் போன் செய்துவிட்டோம், ஆள் அனுப்புகிறோம் என்று சொன்னார்கள், ஏன் இத்தனை நாளாக யாரும் வரவில்லை என்று கேட்டாள். கேள்வியில் குற்றம் சாட்டும் தொனி இருந்தது. நியாயமான தொனிதான்.

சவக்கிடங்கில் ஒரு மலாய்க்காரப் பெரியவர் இருந்தார். துணியை விலக்குமுன் காலில் கட்டியிருந்த அட்டையைத் திருப்பிப் பார்த்தார். ரூமியில் ஐந்து எழுத்து. பெரியவர் அதை வாசித்துவிட்டுக் கொஞ்சம் தயங்கினார்.

"நாமா?" என்று மெதுவாகக் கேட்டார். பெயரா?

"நாமா," என்றான் சேது.

அவர் தலையைக் குனிந்துகொண்டார். மன்னிப்பு கேட்ட மாதிரி இருந்தது. அந்த வாரத்தில் சேதுவிடம் மன்னிப்பு கேட்ட மாதிரி நடந்துகொண்டவர் அவர் ஒருவர்தான்.

அடக்கம் முடியும்வரை சேது எதுவும் கேட்கவில்லை. ஒரு வாரம் கழித்து வேலைக்குத் திரும்பினான். அங்கேயும் அந்தச் சொல் காத்திருந்தது. மின்சார வேலையில் மாத்தி என்றால் சாவு இல்லை. லைனில் கரண்ட் இல்லை, தொடலாம் என்று அர்த்தம். நாள் முழுக்க அதைத்தான் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வார்கள். ஆனால் ஒருவர் மாத்தி என்று சொன்னதை நம்பி யாரும் கம்பியைத் தொடுவதில்லை. முதலில் கரண்ட் உள்ள கம்பியில் டெஸ்டரை வைத்து, டெஸ்டர் வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு தொட வேண்டிய கம்பி. பிறகு மறுபடியும் கரண்ட் உள்ள கம்பி. காது கேட்டதைக் கை சோதிக்க வேண்டும். சேது படித்ததில் முதல் பாடம் அது. பாடம் படித்த எந்த மடையனும் மறக்காத பாடம்.

அன்றைக்குக் கூட வேலை செய்யும் ராஜு மின்சாரப் பலகைக்குப் பின்னால் இருந்து, "மாத்தி?" என்று கேட்டான். சேது சோதித்தான். திரும்பவும் சோதித்தான். கரண்ட் இல்லை. கட்டைவிரலைக் காட்டினான்.

"வாயால சொல்லுலா. நான் கை வைக்கணும்."

"ஆஃப்," என்றான் சேது. அன்றிலிருந்து ஆஃப்தான்.

கருமாதிக்குத் தோட்டமே வந்திருந்தது. சாப்பாடு முடிந்ததும் நல்லசாமி தொண்டையைச் செருமினார். மண்டோர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், இப்போது கோயில் தலைவர். சமாதி கட்டத் தோட்டத்தில் சிமெண்ட் தருகிறார்கள், கல்லில் லெட்சுமி என்று போட்டுவிடலாம் என்றார். ராசியான பெயர். உயிரோடு இருக்கும்போதுதான் பிடிவாதம் பிடித்தாள், இனியாவது நிம்மதியாக இருக்கட்டும். பக்கத்தில் சின்னையா தலையை ஆட்டினார்.

சேது அவரைப் பார்த்தான். புதன்கிழமை போனில் என்ன சொன்னார்கள் என்று கேட்டான்.

சின்னையா மறைக்கவில்லை. மறைக்க வேண்டிய விஷயமாகவே அவருக்குத் தோன்றவில்லை. "அவன் மதின்னு ஆரம்பிச்சான் தம்பி. எனக்குச் சிரிப்பு வந்திருச்சி. போன தடவ பட்டது போதாதா? யா, யா, தாவு, ஆள் அனுப்புறேன்னு சொல்லி வச்சிட்டேன். வீட்டுக்கு அனுப்புறாங்கன்னுதான் நெனச்சேன். சனிக்கெழம லோரி டவுனுக்குப் போவும், அப்ப கூட்டியாரலாம்னு இருந்தேன். பேரு அப்படி. நம்ம என்ன பண்றது?"

தாவு என்றால் தெரியும். அவருக்குத் தெரிந்திருந்தது, அதனால் கேட்கவில்லை. மதியின் பெயர் அவருக்கு ஒரு சிரிப்பு. சிரிப்புக்கு அவசரம் கிடையாது. சேதுவின் தொழிற்சாலை எண் அவர் மேசைமேல்தான் இருந்தது. டயலைச் சுற்றக்கூடத் தோன்றவில்லை.

வந்திருந்தவர்களில் இரண்டு பேர் உச்சுக்கொட்டினார்கள். விதி என்று ஒருவர் சொன்னார். சேது எழுந்து நின்றான்.

"பேரு சரியாத்தான் இருந்திச்சி கிராணி. அன்னைக்கு முழுசாக் கேக்காம உயிரோட இருந்தவங்களச் சாகடிச்சீங்க. இப்ப முழுசாக் கேக்காம, செத்தவங்கள மூணு நாளு உயிரோட வச்சிருந்தீங்க. ரெண்டு தடவையும் காது ஒங்களுது. பேரு எங்கம்மாவுது."

"டேய், நீ நேத்துப் பொறந்தவன்."

"லெட்சுமின்னு யாரு செத்தா? நான் லெட்சுமி மகன் இல்ல. ஒரே ஒரு தடவ எங்கம்மா பேரச் சொல்லுங்க. அழுத்தாம, மெல்ல. சொல்லிட்டுப் போங்க."

சின்னையாவின் உதடு அசைந்தது. சுற்றிலும் பார்த்தார். இத்தனை பேர் முன்னால் ஒரு பையன் சொல்லி, ஒரு கிராணி பாடம் ஒப்பிப்பதா? நாலு எழுத்துப் படித்த திமிர் என்று சொல்லிவிட்டு, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்து போனார். நல்லசாமி பின்னாலேயே போனார். அவர்களோடு பாதிப் பேர் போனார்கள். பாதி தின்ற வெற்றிலை தட்டில் கிடந்தது.

வேலம்மா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்காமலே சொன்னாள்: "உப்புக்கும் நெருப்புக்கும் எத்தன தடவ மதீன்னு கூப்பிட்டிருப்பேன். ஒரு தடவகூட எனக்குத் தப்பா வந்ததில்ல. எனக்கு மலாய் வராது, அதனாலயோ என்னமோ."

தோட்டத்துச் சிமெண்ட் வரவில்லை. சேது கேட்கவும் இல்லை. டவுனில் வாங்கி மோட்டாரின் பின்னால் கட்டிக்கொண்டு வந்தான். இடுகாடு செம்பனை வரிசை முடிகிற இடத்தில், கால்வாய் ஓரம். பலகை அடித்து, கலவை ஊற்றி, ரசமட்டம் வைத்துப் பார்த்தான். மற்ற சமாதிகளில் தமிழில் ஒரு வரியும் ரூமியில் ஒரு வரியும் இருந்தன. ரூமியிலும் எழுது, நாளைக்கு யாராவது தேடி வந்தால் தெரிய வேண்டாமா என்று வேலம்மா கேட்டாள். ரூமியில் எழுதினால் வருகிறவன் எல்லாம் அழுத்தித்தான் படிப்பான் என்றான் சேது. கல்லறைமேல் சாவு என்று எழுதி வைத்த மாதிரி இருக்கும். இன்னொருவன் சிரிப்பான்.

ஈரச் சிமெண்டில் ஆணியால் தமிழில் மட்டும் எழுதினான். மதி. பிறந்த வருடம் இல்லை. இறந்த தேதியும் இல்லை. புதன்கிழமை என்று எழுதினால் தோட்டம் நம்பாது, சனிக்கிழமை என்று எழுதினால் பொய்.

ஆணியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது பாதையில் சைக்கிள் நின்ற சத்தம் கேட்டது. வேலம்மா திரும்பிப் பார்த்துவிட்டு, சின்னையா கிராணி என்று முணுமுணுத்தாள். அவர் உள்ளே வரவில்லை. சைக்கிளைப் பிடித்துக்கொண்டு பாதையிலேயே நின்றார். பிறகு, கல்லில் இருந்ததை வாசித்தார்.

"மதி."

அழுத்தவில்லை. மெல்ல, நிலா என்று பொருள் வரும்படி, சரியாகத்தான் சொன்னார். ஆகவே அவருக்கு இத்தனை வருடமும் சொல்ல முடிந்திருக்கிறது.

சேது திரும்பிப் பார்க்கவில்லை. மட்டத்தை எடுத்து மறுபடியும் கல்மேல் வைத்து, குமிழி நடுவில் நிற்கிறதா என்று பார்த்தான்.